கரண்ட் காரில் இல்லாதவை: ஒரு மைக் செட்காரனின் கணக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மின்சாரக் காரை நான் விற்கப் போவதில்லை. அடுத்து வாங்குகிற காரும் டீசலாக இருக்காது. அப்புறம் எதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாய் என்றால், மைக் செட் கட்டப் போகிற ஊரிலெல்லாம் பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் நாலு பேர் சூழ்ந்துகொள்கிறார்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடும், என்ன விலை, பேட்டரி தீப்பிடிக்குமா. இந்த மூன்றுதான் கேள்வி. டீசல் வண்டியில் இருந்து இதில் இல்லாதது என்ன என்று யாரும் கேட்பதில்லை. வாங்கி ஓட்டிப் பார்த்தவனுக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

எனக்குத் திருப்புல்லாணி. மைக் செட், சீரியல் லைட், ஜெனரேட்டர் வாடகை. ஏர்வாடி சந்தனக்கூடு, உத்தரகோசமங்கை ஆருத்ரா தரிசனம், ஓரியூர் அருளானந்தர் கோயில், முதுகுளத்தூர்ப் பக்கம் முளைப்பாரி, கீழக்கரையில் கல்யாணம் என்று வருஷம் முழுக்க ரோட்டில்தான் இருப்பேன். சாமான் வேனில் போகும், நான் காரில் முன்னாலோ பின்னாலோ போவேன். முன்பு வைத்திருந்தது ஸ்விஃப்ட் டீசல். 1248 சிசி, ஃபியட்காரன் கண்டுபிடித்த எஞ்சின். மாருதி 2020-இல் டீசலையே நிறுத்திவிட்டதால் அதே மாதிரி இன்னொன்று வாங்க வழியில்லை. இப்போதைய கார் சுமார் 40 யூனிட் பிடிக்கிற பேட்டரி வைத்த மின்சாரக் கார். பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்வதில் பாதி எல்லாக் கம்பெனிக் காருக்கும் பொருந்தும். மீதிப் பாதியைப் படித்தால் விற்றவர்கள் போன் போடுவார்கள்.

கியரும் கிளட்ச்சும் இல்லாதது பெரிய குறையாகத் தெரியும் என்று பலர் பயமுறுத்தினார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் இடது கால் எதையோ தேடும், அப்புறம் அடங்கிவிடும். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் சாயங்கால நெரிசலில் ஊர்ந்து போகும்போது கிளட்ச்சை நினைத்து ஏங்குகிறவன் யாராவது இருந்தால் அவனை நான் பார்க்க வேண்டும். பாம்பன் ரோடு பாலத்தில் இறங்கும்போது மூன்றாவது கியரில் போட்டு எஞ்சினைப் பிடிக்க விடுவேன். இதில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் பிடிக்கிறது, போதாததற்கு கொஞ்சம் கரண்டும் பேட்டரிக்குத் திரும்பப் போகிறது. ஒன்றே ஒன்று: நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் பேட்டரியில் இடம் இருக்காது, ஆகவே முதல் சில கிலோமீட்டருக்கு அந்தப் பிடி இருக்காது. காலை எடுத்தால் நின்றுவிடும் என்று பழகியவன் வழுக்கிக்கொண்டு போவான். பிரேக் மேல் கால் தயாராக இருக்க வேண்டும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

உண்மையில் நான் இழந்தது சத்தம். சத்தம் என்றவுடன் 'உறுமல்', 'கெத்து' என்று நினைக்க வேண்டாம். ஸ்விஃப்ட் டீசலுக்கு என்ன கெத்து, குளிர்ந்த எஞ்சின் தகரத்தில் கல்லைக் கொட்டியது போலத்தான் கத்தும். நான் சொல்வது செய்தி. அந்த வண்டியை நான் காதால் ஓட்டினேன். இரண்டாயிரம் சுற்றுக்குப் பக்கம் டர்போ விசில் வரும். விசில் தடித்தால் ஹோஸ் எங்கோ கசிகிறது. மழைக்காலக் காலையில் கிளம்பியவுடன் பெல்ட் கீச்சென்றால் மாற்ற வேண்டிய நேரம். கீழக்கரை ரோட்டில் மேடு ஏறும்போது இருமினால் டீசல் ஃபில்டரில் தண்ணீர். மீட்டர் போர்டில் விளக்கு எரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது என் மெக்கானிக்குக்குத் தெரியும். ராமநாதபுரத்தில் பட்டறை வைத்திருக்கிற அந்த மனுஷன், "தம்பி, போனை பானெட் மேல வை, லேசா ரேஸ் பண்ணு" என்பார். அரை நிமிஷம் கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல, ஓட்டிட்டு வா" என்றோ "அங்கேயே நிறுத்து" என்றோ சொல்வார். நான் முப்பது வருஷம் ஆம்ப்ளிஃபயர் வைத்துப் பிழைத்தவன், அவர் காது என் காதைவிடக் கூர்மை என்று ஒத்துக்கொள்கிறேன்.

மின்சாரக் கார் எதுவும் சொல்வதில்லை. மெல்லிய கீச்சுக்குரல் ஒன்று வேகத்துக்கேற்ப ஏறி இறங்கும், அவ்வளவுதான். நன்றாக இருக்கிறதா, சரியில்லையா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. திடீரென்று திரையில் ஒரு மஞ்சள் ஆமைப் படம் (இழுவையைக் குறைத்துவிட்டேன் என்று அர்த்தம்) வரும், அல்லது சர்வீஸுக்குப் போ என்று ஒரு வரி வரும். ஏன், எதற்கு என்பதை லேப்டாப்பை மாட்டினால்தான் படிக்க முடியும். அந்த லேப்டாப் என் ஊரில் இல்லை, என் மெக்கானிக்கிடமும் இல்லை. ஒரு தடவை இப்படி வரி வந்து சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். மாட்டினார்கள், அழித்தார்கள், "சாப்ட்வேர் சார்" என்றார்கள். என்ன கோளாறு என்று கேட்டதற்கு மறுபடியும் "சாப்ட்வேர் சார்". பட்டறையில் கழற்றிய சாமானைக் கையில் கொடுத்து, "பாரு, தேஞ்சிருக்கு" என்று காட்டுவார்களே, அந்த மரியாதை போய்விட்டது. இதுதான் என் முதல் குறை. கார் ஓடுவதில் எனக்குக் குறையில்லை. அது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் ஓட்டுவதில்தான் குறை.

சத்தம் போனதில் இன்னொன்றும் நடந்தது. ஆம்ப்ளிஃபயரில் 'ம்ம்ம்' என்கிற ஹம்மைச் சரிசெய்து விட்டால், அதுவரை கேட்காத மின்விசிறிக் கிரீச், பின்னால் பாத்திரம் வைக்கிற ஓசை எல்லாம் மைக்கில் வர ஆரம்பிக்கும். காரும் அப்படித்தான். டேஷ்போர்டுக்குள் ஏதோ பிளாஸ்டிக் கொலுசு மாதிரி ஆடுகிறது, டயர் தார் ரோட்டில் அரைபடுகிறது, கண்ணாடி ஓரத்தில் காற்று ஊதுகிறது. பழைய வண்டியில் எஞ்சின் இதையெல்லாம் அமுக்கி வைத்திருந்தது. கூட வருகிறவர்கள் "என்ன அமைதி!" என்கிறார்கள். என் காதுக்கு அது அமைதி இல்லை.

வெளியே இருக்கிறவர்களுக்கும் இது பிரச்சினைதான். திருப்புல்லாணிக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் ரோட்டில் படுத்திருக்கிற ஆடுகள் டீசல் சத்தத்துக்கு எழுந்து ஒதுங்கிப் பழகியவை. இந்தக் கார் பக்கத்தில் வந்து நின்றாலும் அசை போட்டுக்கொண்டிருக்கும். தெருவில் நடக்கிற வயசானவர்களை நினைத்தால்தான் பயம். இருபது, முப்பது வேகத்தில் நுழையும்போது ஹாரனில் கை வைத்தே ஓட்டுகிறேன். நல்லதும் ஒன்று உண்டு. பந்தலில் வேலை செய்கிற என் பையன்கள் முன்பெல்லாம் ஸ்விஃப்ட் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டவுடன் வயரைக் கையில் எடுத்துவிடுவார்கள். இப்போது போனில் ரீல்ஸ் பார்த்தபடியே என்னிடம் மாட்டிக்கொள்கிறார்கள். "அண்ணே, ஹாரனாச்சும் அடிச்சிட்டு வாங்கண்ணே" என்று மனு கொடுத்திருக்கிறார்கள். நிராகரித்துவிட்டேன்.

இரண்டாவது குறை, கேன். ஐந்து லிட்டர் டீசலை ஒரு கேனில் பிடித்து டிக்கியில் போட்டுக்கொண்டால் ஸ்விஃப்ட் நூறு கிலோமீட்டர் போகும். வழியில் யாரிடமாவது கடன் வாங்கலாம், யாருக்காவது கொடுக்கலாம். கரண்டை கேனில் பிடிக்க முடியாது. சும்மா இருக்கும் நாளில் இது தெரியாது, ராத்திரி பத்து மணிக்கு போன் வரும்போதுதான் தெரியும். எங்கள் பக்கம் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. விடிகாலை பிளைட், சொல்லி வைத்த டாக்சி வரவில்லை, "மாப்ள, திருச்சி வரைக்கும் வண்டி வருமா?" ராமநாதபுரத்திலிருந்து திருச்சி இருநூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். ஸ்விஃப்ட் இருந்தபோது சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவேன், டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்றுகூடப் பார்க்க மாட்டேன், தேவகோட்டை போவதற்குள் ஏதாவது பங்க் திறந்திருக்கும். இப்போது போனைக் காதில் வைத்துக்கொண்டே எத்தனை சதவீதம் என்று யோசிக்கிறேன். கேத வீட்டுச் செய்தி வந்தாலும் இதே கணக்குத்தான். துக்கத்துக்குக் கிளம்புகிறவன் சதவீதம் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கே பிடிக்கவில்லை. இதற்காகவே வண்டியை அறுபதுக்குக் கீழே இறங்க விடாமல் வைத்திருக்கிறேன். அப்படியும் மீறினால் எதிர்வீட்டு டீசல் காரின் சாவியைக் கேட்டு நிற்க வேண்டியதுதான்.

என் வண்டியை இன்னொருவருக்குக் கொடுப்பதும் குறைந்துவிட்டது. முன்பு மச்சான் கேட்டால் சாவியைத் தூக்கிப் போடுவேன். இப்போது சாவியோடு பாடமும் நடத்த வேண்டும்: எந்த ஆப், அதில் எவ்வளவு பணம் போட வேண்டும், துப்பாக்கியை (சார்ஜரிலிருந்து வந்து காரில் செருகுகிற முனை) எப்படி மாட்டுவது, கழற்ற முதலில் எதை அமுக்குவது. பாதியிலேயே "பஸ்ஸில் போயிக்கிறேன்" என்று போய்விட்டார்.

எவ்வளவு ஓடும் என்ற கேள்விக்கும் வருகிறேன், கேட்காமல் விட மாட்டீர்கள். கம்பெனித் தாளில் போட்டிருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசியோடு எழுபது, எண்பதில் போனால் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் கிடைக்கிறது. நூறைத் தொட்டால் ஆறுக்குக் கீழே போகிறது. மதுரை டவுன்ஹால் ரோட்டுக்கு ஸ்பீக்கர் சாமான் வாங்கப் போய்த் திரும்பினால் 250 கிலோமீட்டரை ஒட்டும். அதாவது போகும்போது அடக்கி ஓட்டினால் வீடு வந்து சேரலாம், ஆசைப்பட்டு மிதித்தால் நடுவில் நிற்க வேண்டும். காற்றும் இதில் சேர்த்தி என்று இந்தக் கார் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆனி ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது சாயல்குடி, வேம்பார் பக்கம் போனால் எதிர்காற்று. சதவீதம் கண்ணுக்கு முன்னால் கரையும். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வரும். கடல்காரர்கள் கிளம்பும் முன் காற்றுப் பார்க்கிற மாதிரி நானும் இப்போது பார்க்கிறேன். டீசல் வண்டிக்கும் எதிர்காற்றில் செலவு கூடத்தான் செய்திருக்கும், எண் போட்டுக் காட்டாததால் நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

வெளியில் சார்ஜ் ஏற்றுவதைப் பற்றி நிறையச் சொல்ல விரும்பவில்லை, சொன்னால் ரத்தக் கொதிப்பு வரும். வழுதூரில் எரிவாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். கமுதியில் 2016-இல் வந்த சூரிய மின் நிலையம் 648 மெகாவாட். மின்சாரம் விளைகிற மாவட்டம். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் தாண்டித் தொண்டிப் பக்கம் போவதென்றால் வீட்டிலேயே நிறைத்துக்கொண்டு போவதுதான் புத்தி. ஆப்பில் பச்சையாகத் தெரியும் இடத்துக்குப் போனால் கேட் பூட்டியிருக்கும், அல்லது துப்பாக்கி முனையில் உப்புக்காற்று வேலையைக் காட்டியிருக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பணம் முடங்கிக் கிடக்கிறது. யூனிட்டுக்கு இருபது ரூபாயை ஒட்டி வாங்கி, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பெரிய சார்ஜரில் எண்பது வரை வேகமாக ஏறும், அதற்கு மேல் மெதுவாகிவிடும். பின்னால் ஒருவர் காத்திருக்கும்போது நூறு வரைக்கும் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு நரகம் உண்டு.

வீட்டில் ஏற்றுவதுதான் இந்தக் காரின் சுகம், அதில் ஒரே நிபந்தனை எர்த். பிரிட்ஜும் கிரைண்டரும் எர்த் இல்லாமலும் ஓடும். இந்த சார்ஜர் ஓடாது, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கும். பலர் கார் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் பழைய எர்த் பைப் உப்புமண்ணில் துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகிவிட்டிருந்தது. புதிதாகக் குழி தோண்டி, செம்புப் பட்டை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டேன். இரண்டுக்கும் எங்கள் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை: சீமைக்கருவேலங் கரி, வாலிநோக்கம் உப்பு. அன்றிலிருந்து மக்கர் இல்லை. 15 ஆம்பியர் பிளக்கில் முழுசாக ஏற ஒரு ராத்திரியும் கொஞ்சமும் ஆகும்.

மின்வாரியம் பராமரிப்புக்கு நிறுத்தும் நாட்களிலும் வடகிழக்குப் பருவமழைப் புயலிலும் என்ன செய்வது என்று யோசித்து என் ஜெனரேட்டரில் மாட்டிப் பார்த்தேன். அங்கேயும் சிவப்பு விளக்கு. வாடகை ஜெனரேட்டர்களில் நியூட்ரலை (கரண்ட் திரும்பி வருகிற வயர்) எர்த்தோடு சேர்க்காமல் மிதக்க விட்டிருப்போம், காருக்கு அது பிடிக்காது. முறையாக எர்த் அடித்துச் சேர்த்த பிறகு ஏறியது. வயரிங் தெரியாதவர்கள் இதில் கை வைக்காதீர்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஏறியது என்றதும் கணக்குப் போட்டேன். ஜெனரேட்டரில் லிட்டருக்கு மூன்று யூனிட் வந்தால் நல்ல நாள். மூன்று யூனிட்டுக்கு 21 கிலோமீட்டர், ஏற்றும்போது போகும் நஷ்டத்தைக் கழித்தால் 18, 19. ஸ்விஃப்ட் அதே ஒரு லிட்டரில் இருபது கொடுத்துக்கொண்டிருந்தது! ஆத்திர அவசரத்துக்கு சரி, மற்றபடி டீசலை மூக்கைச் சுற்றித் தொடுகிற வேலை.

முள்ளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ராமநாதபுரத்துக்காரன் எழுதியதாக யாரும் நம்ப மாட்டார்கள். திருவிழா என்றால் கண்மாய்க் கரை, பொட்டல், கோயில் பின்புறம். எங்கு நிறுத்தினாலும் சீமைக்கருவேல முள். இந்தக் காரோடு ஸ்டெப்னி தரவில்லை. ஒரு பசை பாட்டிலும் குட்டி கம்ப்ரஸரும் கொடுத்தார்கள். முள் டயரின் முகத்தில் ஏறினால் அது போதும், பக்கவாட்டில் கிழித்தால் பசை என்ன செய்யும்? தனியாக வீல் ஒன்று வாங்கி டிக்கியில் போட்டதும் மைக் ஸ்டாண்டுகள் பின் சீட்டுக்கு வந்துவிட்டன. அதோடு, நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. மோட்டாரோடு சேர்ந்த சக்கரம் தரையில் உருளக் கூடாது என்பதால் லாரி மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். தள்ளி ஸ்டார்ட் பண்ணுகிற பேச்சுக்கே இடமில்லை. பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் உள்ளே இருக்கிற சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் கார் கண்ணைத் திறக்காது. என் தொழிலுக்கு 12 வோல்ட் பேட்டரி எப்போதும் கையில் இருக்கும், ஜம்பர் வயர் மாட்டி எழுப்பிவிடுவேன். மற்றவர்கள் ஒரு வயர் செட்டாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்லியும் ஏன் விற்க மாட்டேன் என்றால், ஒன்று தூக்கம். சந்தனக்கூடு ராத்திரியில் விடியும்வரை மிக்ஸர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், நடுவில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தால்தான் உண்டு. ஸ்விஃப்ட்டில் ஏசி போட்டுப் படுக்க எஞ்சினை ஓட விட வேண்டும்; புகை, சத்தம், பயம். இதில் எந்தத் தொந்தரவும் இல்லை, மணிக்கு ஒரு யூனிட்டைச் சுற்றித்தான் செலவு. இன்னொன்று, காரிலிருந்தே 230 வோல்ட் வெளியே எடுக்கிற வசதி. சேதுக்கரையில் ஒரு சின்ன காதுகுத்து, கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் வேறு ஊரில். ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு பாக்ஸையும் காரில் மாட்டினேன். ஜெனரேட்டரில் எஞ்சின் வேகம் ஏறி இறங்கும்போது வருகிற அந்தத் தள்ளாட்டம் இல்லை, ஹம் இல்லை, வீட்டுக் கரண்டைவிடச் சுத்தம். சவுண்ட் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பணக் கணக்கு எல்லோரும் போட்டுவிட்டதால் சுருக்கமாக: டீசல் லிட்டர் 92 ரூபாய்ச் சொச்சம் விற்றபோது ஸ்விஃப்ட்டுக்குக் கிலோமீட்டருக்கு நாலரை ரூபாய் ஆனது. வீட்டில் ஏற்றினால் இதற்கு ஒரு ரூபாயை ஒட்டி ஆகிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மானியம் குறைந்து வீட்டு பில் எகிறும், அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது எல்லாம் போயிற்று. தனி வீடு, தனி மீட்டர், நல்ல எர்த் இருக்கிறவர்கள், தினமும் இருநூறு கிலோமீட்டருக்குள் சுற்றுகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். வாடகை வீட்டில் மாடியில் இருந்துகொண்டு ஜன்னல் வழியாக வயரைத் தொங்கவிடலாம் என்று நினைக்கிறவர்கள் வேண்டாம். திருச்சி, சென்னை என்று வாரம் தவறாமல் போகிறவர்களும் கொஞ்சம் பொறுங்கள்.

மைக் செட் ஏற்றுகிற வேன் மட்டும் டீசல்தான். அதையும் மாற்றச் சொல்லி விற்பனைப் பையன் ஒருவன் வந்தான். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க எப்படியும் கேனைத் தூக்கிக்கொண்டு பங்க்குக்குப் போகத்தானே வேண்டும் என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, கார் டயருக்குக் காற்று எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்டான். அதே பங்க்கில்தான் என்றேன்.